இடம் அளிப்போரும் குடியிருப்போரும்: சுவிட்சர்லாந்தை மையமாகக் கொண்ட தமிழ் மின்னூல் முயற்சியை முன்வைத்து இணைய இடவசதி குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

அச்சு நூலுக்குத் தாளும் மையும் ஒருமுறை செலவாகும். அதன் பின்னர் அது எவருடைய அலமாரியிலும் தன்பாட்டில் இருக்கும். மின்னூலின் நிலை வேறு. அது ஏதேனும் ஒரு வழங்கியில் நாள்தோறும் மின்சாரம் பெற்று, ஒரு முகவரியின் பெயரால் அழைக்கப்பெற்றால்தான் படிப்பவர் கண்ணுக்குத் தெரியும். அந்த வழங்கி பெரும்பாலும் நூலைப் பதிப்பித்தவருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. வலைத்தளங்களுக்கு இடம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்றிடமோ, ஒரு பல்கலைக்கழகத்திடமோ, நட்புள்ளம் கொண்ட தனியொருவரிடமோ அது குடியிருக்கிறது. இடம் அளிப்பவருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவு எவ்வாறு அமைகிறது, அவ்வுறவு முறியும்போது நூல் என்னாகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தமிழ் இலக்கிய மின்தொகுப்புகளுள் முன்னோடியான மதுரைத் திட்டம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து ஒருங்கிணைக்கப்பெற்றது ஆதலின், அதுவே இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பெறுகிறது.

லோசானுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தென்மேற்கே, ஜெனீவாவின் எல்லையில், சேர்ன் எனப்படும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனம் உள்ளது. டிம் பெர்னர்சு-லீ 1989 மார்ச்சில் வையவிரிவு வலைக்கான முன்மொழிவை அளித்தது அங்குதான். 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. உரிமைத்தொகை கேட்கப்பெற்றிருந்தால், அடுத்த சில ஆண்டுகளில் தமிழர்கள் தத்தம் வீட்டுக் கணினிகளில் எழுத்துருக்களைச் செய்து வலையேற்றியது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஏதென்ஸ் என்னும் பேட்டை

வலையில் இடம் கொடுக்கும் தொழிலைச் சமுதாய அமைப்பாகக் கருதித் தொடங்கிய நிறுவனங்களுள் ஜியோசிட்டீஸ் குறிப்பிடத்தக்கது. டேவிட் பானெட், ஜான் ரெஸ்னர் ஆகியோர் 1994 இல் கலிபோர்னியாவில் இதனை நிறுவினர். தளம் அமைக்க விரும்புவோர்க்கு இலவசமாக இடம் கொடுக்கப்பெற்றது. ஆனால் அது வெறும் வட்டிடமாகக் கொடுக்கப்பெறவில்லை. பேட்டைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு நகரின் மனையாகக் கொடுக்கப்பெற்றது. திரைப்படம் பற்றி எழுதுவோர் ஹாலிவுட் பேட்டையிலும், கணினி பற்றி எழுதுவோர் சிலிக்கான் பள்ளத்தாக்குப் பேட்டையிலும், கல்வி, இலக்கியம், மெய்யியல் பற்றி எழுதுவோர் ஏதென்ஸ் பேட்டையிலும் குடியேறினர். ஒவ்வொரு தளத்துக்கும் கதவிலக்கம் போல் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு பேட்டையிலும் பழைய குடிகளுள் சிலர் ஊதியமின்றி முன்வந்து, புதிதாய் வந்தோர்க்குப் பக்கம் அமைக்கக் கற்றுக்கொடுத்தனர். விதி மீறியோரையும் கவனித்தனர். ஊர்ப் பெரியவர்களின் பணியை ஒத்தது இது.

இவ்வேற்பாட்டின் நுட்பம் கருதத்தக்கது. இலவசமாக இடம் பெற்றவர் எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம். அயலார், தெருப்பெயர், விருந்தினர் கையெழுத்திடும் ஏடு ஆகியவை உள்ள இடத்தை விட்டு அவ்வளவு எளிதில் எவரும் போவதில்லை. வாடிக்கையாளரை ஊராக மாற்றியதே அந்நிறுவனத்தின் முதலாயிற்று.

தமிழ் மின்னூலகம் என்னும் தளம் இந்த ஏதென்ஸ் பேட்டையில்தான் ஒரு மனை பெற்றிருந்தது. அதனை அமைத்தவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். லோசானில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளிவேதியியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த அறிவியலாளர் அவர். பல்வேறு கணினி வகைகளில் இயங்கும் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியவரும் அவரே. தமிழ்நாட்டில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் பணியாற்றி, அமெரிக்க நிறுவனமொன்றின் கிரேக்கப் பெயருடைய பேட்டையில் தமிழ் நூலகம் வைத்தார் என்பது அக்கால வலையின் இயல்பை ஒரு வரியில் காட்டிவிடும்.

1999 ஜனவரியில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீசை வாங்குவதாக அறிவித்தது. அவ்வாண்டின் இடைப்பகுதியில் புதிய விதிமுறைகள் வெளிவந்தன. குடியிருப்போர் எழுதியவற்றின் மீது நிறுவனத்துக்கு மிக விரிந்த உரிமை அளிக்கும் வாசகம் அவற்றில் இருந்தது. எதிர்ப்பு உடனே எழுந்தது. பலர் தம் பக்கங்களை அகற்றினர். சிலர் அவற்றின் நிறத்தை உருவி வெறுமையாக்கி வைத்தனர். யாஹூ விதிமுறையைத் திருத்திக்கொண்டது. ஆயினும் பேட்டை முறை பின்னர் மங்கியது. பயனர் பெயரால் அமையும் முகவரிகள் வந்தன. 2009 அக்டோபர் 26 அன்று அந்நகரமே மூடப்பெற்றது. மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் அறிவிப்புக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் உரிமையாளர் இறந்துவிட்ட, கடவுச்சொல்லை மறந்துவிட்ட, அல்லது அத்தளத்தை ஆண்டுக்கணக்கில் திறந்தும் பாராத பக்கங்களுக்கு அறிவிப்பால் என்ன பயன்? தன்னார்வலர் குழுவொன்றும் இணைய ஆவணக் காப்பகமும் முடிந்தவற்றைப் படியெடுத்துக் காத்தன. தமிழ் மின்னூலகம் தன் பெயரிலேயே அமைந்த முகவரிக்கு இடம்பெயர்ந்து தப்பிய தளங்களுள் ஒன்று.

மதுரைத் திட்டம்: குடியிருப்போரே ஊராதல்

மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்றது. தலைவர் லோசானில் இருந்த கல்யாணசுந்தரம். துணைத் தலைவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் பிளாக்ஸ்பர்க்கில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன். இடையில் ஒரு பெருங்கடல். நூலைத் தட்டச்சு செய்வோரும் மெய்ப்புப் பார்ப்போரும் மேலும் பல நாடுகளில் இருந்தனர். அலுவலகம் இல்லை, ஊதியம் இல்லை, விற்பனையும் இல்லை. முதல் வெளியீடு திருக்குறள்.

இடவசதியைப் பொறுத்தவரை, திட்டம் தொடக்கம் முதலே ஒரே வீட்டில் குடியிருக்கவில்லை என்பது முக்கியம். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் அதற்கு இடம் தந்தது. வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகவரியிலும் அதன் படி இருந்தது. பின்னர்த் திட்டத்துக்கெனத் தனி முகவரி அமைந்தது. இவ்விடங்களுள் ஒன்றுகூட லோசானில் இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. லோசானில் இருந்தது பொறுப்பு மட்டுமே.

அப்பொறுப்பு எவ்வாறு வெளிப்பட்டது என்பதற்குத் திட்டத்தின் ஒவ்வொரு மின்னூலின் தொடக்கத்திலும் உள்ள முகப்புப் பக்கமே சான்று. பெரும்பாலான வாசகர் அதனைப் படிக்காமல் கடந்து பாடலுக்குச் சென்றுவிடுவர். நூலகவியல் நோக்கில் அதுவே மின்னூலின் உயிர்ப்பகுதி. தட்டச்சு செய்தவர் பெயர் அதில் இருக்கும். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இருக்கும். வலைப்பதிப்பை ஆயத்தம் செய்தவர் பெயர் இருக்கும். மூல நூலின் ஒளிப்படிவங்களைத் தந்துதவிய இந்திய மின்னூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களுக்கு நன்றி கூறப்பெற்றிருக்கும். எந்த எழுத்துரு தேவை என்னும் குறிப்பும், படிக்க இயலாமல் இடர்ப்பட்டால் மின்னஞ்சல் எழுதுக என்னும் அழைப்பும் இருக்கும். அவ்வழைப்பில் இருந்த முகவரிகள் திட்டத் தலைவர்களுடையவை. தலைவரின் முகவரி ஜியோசிட்டீசின் பெயரையே தாங்கியிருந்த காலமும் உண்டு.

வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு என ஒன்றை அமைத்து, கேள்வியைப் பதிவு எண்ணாக மாற்றி, பல கைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இங்கோ, எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிகின்றன என்று எழுதும் ஒரு மாணவருக்குத் திட்டத்தின் தலைவரே மறுமொழி தரும் நிலை. பெருகும் பணிக்கு இது பொருந்தாத முறை என்பர் மேலாண்மை வல்லுநர். ஆயினும் எழுத்துருச் சிக்கலால் தமிழ் வலையின் பாதி நேரம் கழிந்த அந்நாளில், பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை பலரை வாசகர் நிலையிலிருந்து தன்னார்வலர் நிலைக்கு உயர்த்தியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

பின்னாளில் பகிர்ந்து மெய்ப்புப் பார்க்கும் முறை ஏற்பட்டது. ஒரு நூலின் பக்கங்கள் ஒளிப்படிவங்களாகப் பிரித்து வைக்கப்பெற்றன. ஒருவர் பத்துப் பக்கம், மற்றொருவர் மூன்று பக்கம் என இயன்ற அளவு தட்டச்சு செய்தனர், வேறொருவர் சரிபார்த்தார். இம்முறையில் உருவான மின்னூல்களின் முகப்பில் பங்கேற்றோர் பெயர்கள் நீண்ட வரிசையாக நிற்கின்றன. மூன்று பக்கம் செய்தவருக்கும் அவ்வரிசையில் இடமுண்டு. கோயில் திருப்பணியில் ஒரு தூண் கொடுத்தவர் பெயரையும் ஒரு விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர் பெயரையும் ஒரே சுவரில் கல்வெட்டாகப் பொறித்த மரபு இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே.

முகப்பைச் சிதைக்காதிருத்தல் என்னும் நிபந்தனை

திட்டம் பயனரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கோப்பினை எவரும் தடையின்றிப் பிறருக்கு வழங்கலாம். ஆனால் முகப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஜியோசிட்டீசைக் கைக்கொண்ட நிறுவனம் 1999 இல் குடியிருப்போரிடம் கேட்ட விரிந்த உரிமையோடு இதனை ஒப்புநோக்கினால் வேறுபாடு விளங்கும். அங்கு, இடம் அளிப்பவர் எழுத்தின் மீது உரிமை கோரினார். இங்கு, எழுத்தை உருவாக்கியவர்கள் இடத்தின் மீதான பிடியைத் தாமே விட்டனர். அதன் விளைவாக ஒரு வழங்கி அணைந்தாலும் நூல் வேறு பல கணினிகளில் எஞ்சியிருக்கும்.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழருள் பெரும்பான்மையோர் 1983 க்குப் பின் இலங்கையிலிருந்து சென்றவர்களும் அவர்தம் மக்களும் ஆவர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததை அறிந்த தலைமுறை அது. வேறு படி இல்லாத ஏடு அழிந்தால் மீளாது என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழ் எழுத்தாவணங்களுக்கென 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டமும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே.

எனினும் இந்நிபந்தனைக்கு ஒரு விலை உண்டு. அது பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவதில்லை. தடையின்றிப் பரவிய படிகள் திருத்தத்தை அறியா. மூலத் தளத்தில் ஒரு பிழை களையப்பெற்ற பின்னரும், அதற்கு முன்னர் படியெடுத்துச் சென்ற தளத்தில் பழைய வடிவமே நிற்கும். ணகர னகர மயக்கமும் ரகர றகர மயக்கமும் தட்டச்சில் எளிதில் நேர்வன. ஒரு சங்கப் பாடலில் அத்தகைய ஒரெழுத்துப் பிழை பாடவேறுபாடு போலத் தோற்றமளித்து ஆய்வாளரை மயக்கக்கூடும். பல படிகள் நிலைபேற்றைத் தருகின்றன. ஒரே படி துல்லியத்தைத் தருகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே பெறும் வழியைத் தமிழ் மின்னூல் உலகம் இன்னும் முழுமையாக வகுத்துக்கொள்ளவில்லை.

குறியேற்ற மாற்றம் இச்சிக்கலை மேலும் வளர்த்தது. தொடக்க வெளியீடுகள் தனித்தனி எழுத்துருக்களைச் சார்ந்திருந்தன. பின்னர், வலையில் கூடிய தமிழ்க் கணினி ஆர்வலர்கள் உருவாக்கிய தஸ்கி என்னும் எட்டுப்பிட்டுக் குறியேற்றம் மேற்கொள்ளப்பெற்றது. 1999 இல் சென்னை மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் வேறு இரு குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. ஒருங்குறியிலோ தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது. தஸ்கி எழுத்தின் வடிவத்தைக் கண் காணும் வரிசையில் சேமிக்கும். கொ என்னும் எழுத்து அதில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக நிற்கும். ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் வரும். எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எழுத்துக்கு எழுத்து ஈடு வைக்கும் செயலன்று. துண்டுகளைக் கூட்டி மறுவரிசைப்படுத்தும் செயல். மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒருங்குறிக்குக் கொணர்ந்தது. அவற்றை முன்னரே படியெடுத்திருந்த தளங்களுள் தஸ்கியிலேயே நின்றவை புதிய கணினிகளில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளிக்கின்றன. இடம் இருந்தும் நூல் இல்லை என்ற நிலை இது.

சுவிஸ் இடவசதி நிறுவனங்கள் விற்பது எதனை?

மேற்கண்டவை தன்னார்வ முயற்சியும் அமெரிக்க இலவசச் சேவையும் பற்றியவை. சுவிட்சர்லாந்தின் வணிக நிறுவனங்களின் போக்கு இவ்விரண்டினும் வேறுபட்டது. ஜெனீவாவின் இன்போமேனியாக் 1994 இலும், இராப்பர்ஸ்வில்-யோனாவின் ஹோஸ்ட்பாயின்ட் 2001 இலும் தொடங்கப்பெற்றன. இலவச இடம் கொடுத்து விளம்பரத்தால் ஈட்டும் வழியை விடுத்து இவை கட்டணம் பெறுகின்றன. கட்டணம் தருபவரிடம் எதை எடுத்துரைத்து அவரைத் தக்கவைப்பது என்னும் கேள்விக்கு இவை தரும் விடை பெரிதும் நாட்டையே சார்ந்தது: தரவு சுவிஸ் மண்ணைவிட்டு நீங்காது, சுவிஸ் சட்டமே அதனை ஆளும், உதவி கேட்டால் வாடிக்கையாளரின் மொழியிலேயே விடை கிடைக்கும். நான்கு தேசிய மொழிகள் உடைய நாட்டில் இறுதியாகச் சொன்னது அணியன்று, தேவை. 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய தரவுக் காப்புச் சட்டம் முதலிரு வாக்குறுதிகளுக்கும் வலுச் சேர்த்தது.

இன்போமேனியாக் சுற்றுச்சூழலையும் இவ்வுறவுக்குள் கொண்டுவந்தது. ஜெனீவாவை அடுத்த பிளான்-லே-ஊவாத் என்னுமிடத்தில் குடியிருப்புகளின் கீழே அது அமைத்த தகவல் மையம், வழங்கிகள் வெளியிடும் வெப்பத்தை வெப்ப வலையமைப்புக்கு அளிக்கிறது. குளிர்காலத்தில் சுமார் 6,000 வீடுகளைச் சூடாக்கும் ஆற்றல் உடையதாக அது வடிவமைக்கப்பெற்றது. தன் வலைத்தளத்தின் வெப்பத்தால் அயலூரில் யாரோ குளிர்காய்கின்றனர் என்ற எண்ணம் வாடிக்கையாளருக்கு ஒருவகைப் பங்கேற்புணர்வைத் தரும். பேட்டைப் பெயர்களால் ஜியோசிட்டீஸ் உண்டாக்கிய உணர்வுக்கு இது தொலைவான உறவு எனலாம். ஆனால் இங்கு ஊர் கற்பனையானதன்று.

இவ்வசதிகள் அனைத்தும் கட்டணம் தொடரும்வரைதான். புலம்பெயர் நாடுகளில் தமிழ்ச் சங்கம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் தளங்கள் பெரும்பாலும் ஒரு செயலாளரின் சொந்த மின்னஞ்சலிலும் கடனட்டையிலும் பதிவாகின்றன. அவர் பொறுப்பிலிருந்து விலகினால் புதுப்பித்தல் அறிவிப்பு யாருக்கும் எட்டாது. நிறுவனம் தன் கடமையில் தவறாதிருந்தும் ஆண்டு மலர்களும் விழாப் படங்களும் மறைந்துபோகும். சுவிஸ் தேசிய நூலகம் மாநில நூலகங்களோடு இணைந்து 2008 முதல் சுவிஸ் தொடர்புடைய வலைத்தளங்களைத் தேர்ந்து காப்பகப்படுத்தி வருகிறது. நாட்டின் சமுதாய வாழ்வைக் காட்டும் தளங்கள் அதன் எல்லைக்குள் வருவன. தமிழ் அமைப்புகளின் தளங்களும் அவ்வகையினவே என்பதை மாநில நூலகங்களுக்கு எடுத்துரைப்பது அவ்வமைப்புகளின் கையில் உள்ளது.

மேற்கோள் காட்டும் முறை

ஆய்வாளர்க்கு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. 1990 களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் வெளிவந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் ஏதென்ஸ் பேட்டையின் முகவரியும் தமிழ்.நெட் முகவரியும் காணப்பெறுகின்றன. அவற்றை இன்று தட்டினால் அந்நூல்கள் கிட்டா. ஆனால் மதுரைத் திட்டம் தன் வெளியீடுகளுக்கு வரிசையெண் இட்டது. தஸ்கிப் பதிப்பிலும் ஒருங்குறிப் பதிப்பிலும் திருக்குறளுக்கு எண் 1 தான். வழங்கி மாறியும், முகவரி மாறியும், குறியேற்றமே மாறியும் எண் மாறவில்லை. ஆகவே இத்திட்டத்தின் நூலை மேற்கோள் காட்டுவோர், முகவரியோடு வெளியீட்டு எண்ணையும், தட்டச்சுக்கு மூலமான அச்சுப்பதிப்பு முகப்புப் பக்கத்தில் குறிக்கப்பெற்றிருப்பின் அதனையும், தாம் பார்த்த நாளையும் சேர்த்துக் குறிப்பிடுதல் வேண்டும். பார்த்த நாள், பின்னர் நேர்ந்த திருத்தங்களை அடையாளம் காண உதவும். அச்சுப்பதிப்பின் குறிப்பு, ஐயம் எழும் ஓரெழுத்தை ஒப்புநோக்கிச் சரிபார்க்க உதவும்.